கோர்தோபா: தூண்களுக்கு நடுவே ஒரு பேராலயம்

கி.பி. 997-இல் அல் மன்சூர் என்ற கோர்தோபாவின் முஸ்லிம் படைத்தலைவர் ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள சாந்தியாகோ தே கொம்போஸ்தெலாவைச் சூறையாடினார். நம்மூர்க் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று வணங்கும் புனித யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் தலம் அது. அங்கிருந்த தேவாலய மணிகளைக் கழற்றி, பிடிபட்ட கிறிஸ்தவர்களின் தோளில் ஏற்றித் தெற்கே கோர்தோபா வரை சுமக்க வைத்தார். பெரிய பள்ளிவாசலில் அந்த மணிகள் விளக்குகளாயின. 239 ஆண்டுகள் கழித்து, 1236-இல், காஸ்தீல் அரசர் மூன்றாம் ஃபெர்னாந்தோ கோர்தோபாவைப் பிடித்தார். மணிகளை இறக்கச் சொன்னார். இம்முறை முஸ்லிம் கைதிகள் அவற்றைத் தோளில் சுமந்து, வந்த வழியே வடக்கே கொண்டுபோனார்கள்.

கோர்தோபாவுக்குப் போகிறவர்களிடம் இரண்டு கதைகளில் ஒன்றைச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் மூவரும் அண்ணன் தம்பியாக வாழ்ந்த பொற்காலத்தின் தலைநகரம் என்பது ஒன்று. அந்நியர் பிடியிலிருந்து மீட்கப்பட்ட கிறிஸ்தவ மண் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒன்றை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடுகிறது. மணிகள் போய் வந்த கதையை முதலில் சொன்னது அதற்காகத்தான். இவ்வளவு வஞ்சம் தீர்த்துக்கொண்டவர்களின் ஊரில், நட்டநடுவே நின்ற பள்ளிவாசல் இடிபடவில்லை. ஏன் இடிபடவில்லை என்ற கேள்வியோடுதான் நான் அந்த ஊரைச் சுற்றினேன்.

செவில்யாவிலிருந்து அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம். நிலையத்திலிருந்து நடந்தால், அகன்ற புதுத் தெருக்கள் முடிந்து, வெள்ளையடித்த சுவர்களுக்கிடையே இரண்டு பேர் தோள் உரசி நடக்கும் சந்துகள் தொடங்குகின்றன. திறந்திருக்கும் கதவுகளுக்குள் முற்றம் தெரியும். சுவர் முழுக்கப் பூந்தொட்டிகள், நடுவில் கிணறு அல்லது சின்ன நீரூற்று. ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் நீண்ட மூங்கில் போன்ற கழியின் நுனியில் தகர டப்பாவைக் கட்டி, ஆளுயரத்துக்கு மேல் தொங்கும் தொட்டிகளுக்கு ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுகூடச் சுவரில் வழியவில்லை. மே மாதத்தில் இந்த முற்றங்களுக்கென்றே ஒரு திருவிழா நடக்கிறது. அதை 2012-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. வீட்டுக்கு நடுவே வானம் பார்த்த முற்றம் வைப்பது ரோமானியர் காலத்திலிருந்தே இங்கே உள்ள வழக்கம். பின்னால் வந்த அரபியரும் அதை விடவில்லை, கிறிஸ்தவர்களும் விடவில்லை. அந்த வெயிலுக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

ரோமானியர் காலத்தில் இது பெரிய நகரம்; தத்துவஞானி செனெக்கா பிறந்த ஊர். 711-இல் முஸ்லிம் படைகள் ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்து வந்த சில ஆண்டுகளிலேயே தலைநகரமாயிற்று. ஆனால் கோர்தோபாவின் பெருமை உண்மையில் தொடங்குவது டமாஸ்கஸை ஆண்ட ஒரு குடும்பத்தின் அழிவிலிருந்து. 750-இல் போட்டி வம்சமான அப்பாஸிகள் அந்த உமையா அரச குடும்பத்தைத் தேடித் தேடிக் கொன்றபோது, இருபது வயதை எட்டிய அப்துர் ரஹ்மான் என்ற இளவரசர் யூப்ரடீஸ் ஆற்றில் குதித்து நீந்தித் தப்பினார். வட ஆப்பிரிக்கா முழுவதும் ஒளிந்து மறைந்து மேற்கே வந்தார். அவருடைய தாய் பெர்பர் இனத்தவர். 756-இல் கோர்தோபாவின் அமீர் ஆனார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆண்ட பிறகு, 785 வாக்கில், குவாதல்கிவிர் ஆற்றங்கரையில் பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கினார். அங்கே சான் விசெந்தே என்ற தேவாலயம் இருந்ததென்றும், கிறிஸ்தவர்களிடம் அதை விலை கொடுத்து வாங்கினாரென்றும் பிற்கால அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்தார்கள். மண்ணைத் தோண்டிப் பார்த்த தொல்லியலாளர்களிடையே அது பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றத்தைக் கடந்து உள்ளே போனதும், கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் பிடிக்கிறது. பிறகு தூண்கள் தெரிகின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் தூண்கள். இன்று நிற்பவை 856. அவற்றுக்கு மேலே சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும் வளைவுகள், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு.

இந்த இரட்டை வளைவு அழகுக்காகப் பிறந்ததல்ல, ஒரு சிக்கலைத் தீர்க்கப் பிறந்தது. முதல் கட்டடத்தில் வைத்த தூண்களில் பெரும்பாலானவை பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்தும் முஸ்லிம்களுக்கு முன் ஆண்ட விசிகோத்தியரின் தேவாலயங்களிலிருந்தும் எடுத்தவை. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. ஒன்று சாம்பல் நிறம், ஒன்று ரோஜா நிறம். நெட்டையைத் தரைக்குள் இறக்கியும், குட்டைக்கு அடியில் பீடம் கொடுத்தும் சமப்படுத்தினார்கள். அப்படியும் அவ்வளவு பெரிய கூடத்துக்கு வேண்டிய உயரம் வரவில்லை. எனவே ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு கல் தூணை ஏற்றி, அதற்கு மேல் இன்னொரு வளைவைப் போட்டார்கள். தேர்த் திருவிழாவில் அப்பாவின் தோளில் ஏறி நிற்கும் பிள்ளையைப் போல மேல் வளைவு கூரையை எட்டிப் பிடித்துக்கொண்டது. கீழ் வளைவு எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை. தூண்கள் பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் அதற்கு மேலே வெற்றிடம் விட முடிந்தது. கீழே மெலிந்து, மேலே போகப் போகத் தடிக்கும் சுவர். அந்தத் தடித்த மேற்சுவரின் முதுகில் மழைநீர் ஓடும் வாய்க்கால். ரோமானியர்கள் மெரிதாவில் கட்டிய நீர்ப்பாலத்தில் இதே போல வளைவுக்கு மேல் வளைவும், கல்லோடு செங்கல்லும் உண்டு. அதைப் பார்த்த கொத்தனார்கள்தான் இதைச் செய்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

ஊரும் கூட்டமும் பெருகப் பெருக, பின்வந்தவர்கள் பள்ளிவாசலை நீட்டிக்கொண்டே போனார்கள். இரண்டாம் அப்துர் ரஹ்மான் தெற்கே நீட்டினார். கலீஃபா இரண்டாம் ஹகம் இன்னும் தெற்கே, ஏறக்குறைய ஆற்றங்கரை வரைக்கும் போனார். தொழும் திசையைக் குறிக்கும் கிப்லா சுவரில் இருக்கும் மிஹ்ராப் என்ற மாடம் அவர் காலத்தது. அதைச் சுற்றியுள்ள பொன் மொசைக் வேலைக்காகக் கான்ஸ்டான்டினோப்பிளின் கிறிஸ்தவப் பேரரசரிடம் கேட்டு அனுப்பினார். பேரரசர் ஒரு கைவினைஞரையும், பொதி பொதியாகக் கண்ணாடிச் சில்லுகளையும் அனுப்பிவைத்ததாக அரபு வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். குர்ஆன் வசனங்களை எழுத்தெழுத்தாகப் பொன்னில் பதித்தது ஒரு கிறிஸ்தவ நாட்டுக் கலை. விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சில்லுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் சாய்ந்திருப்பதைக் கவனிக்கலாம். ஓர் அடி நகர்ந்தால் சுவர் முழுக்க ஒளி இடம் மாறுகிறது.

கடைசியாக நீட்டியவர், மணிகளைக் கொண்டுவந்த அதே அல் மன்சூர். தெற்கே ஆறு தடுத்ததால் கிழக்கே விரித்தார். பரப்பில் அவர் சேர்த்ததுதான் அதிகம். ஆனால் அங்கே வளைவுக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். முதல் கட்டடத்தில் சிவப்பு என்பது அசல் செங்கல். இங்கே எல்லாமே வெள்ளைக் கல், அதன்மேல் சிவப்புச் சாயம். சில இடங்களில் சாயம் உரிந்து கல் தெரிகிறது. உண்மையான அதிகாரம் கைக்கு வந்தும் கலீஃபா பட்டம் மட்டும் கிடைக்காத ஒருவர், முன்பு ஆண்டவர்கள் கட்டியதைப் போலவே தோன்றும்படி அவசரமாகக் கட்டியது அது. இரண்டாம் ஹகம் சேர்த்த புகழ்பெற்ற நூலகத்திலிருந்து தத்துவ நூல்களை எடுத்து, மார்க்க அறிஞர்களை மகிழ்விக்க எரித்தவரும் இதே அல் மன்சூர்தான்.

பொற்காலக் கதையை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 929-இல் தன்னைக் கலீஃபாவாக அறிவித்துக்கொண்ட மூன்றாம் அப்துர் ரஹ்மானின் அவையில் ஹஸ்தாய் இப்னு ஷப்ருத் என்ற யூதர் மருத்துவராகவும், வெளிநாட்டு விவகாரங்களைக் கவனிப்பவராகவும் இருந்தார். ஜெர்மானிய அரசர் ஓட்டோவிடம் தூது போனவர் ரெசெமுந்தோ என்ற கிறிஸ்தவர். ரபீ இப்னு ஸைத் என்ற அரபுப் பெயரும் அவருக்கு உண்டு. அந்தத் தூதுக்காக அவருக்குக் கிடைத்த பரிசு, ஓர் ஆயர் பதவி. இவை நடந்தவை. அதற்கு நூறு ஆண்டுகள் முன்பு, 850 முதல் 859 வரை, இதே ஊரில் இஸ்லாத்தைப் பழித்தார்கள் என்றும், இஸ்லாத்தை விட்டு விலகினார்கள் என்றும் 48 கிறிஸ்தவர்கள் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களைக் கிறிஸ்தவர்கள் வேதசாட்சிகளாக வணங்குகிறார்கள். முஸ்லிம் அல்லாதவர் தனி வரி செலுத்தி, இரண்டாம் இடத்தில் வாழ வேண்டும் என்பதுதான் சட்டம். சட்டம் அப்படி, ஆனால் ஒரே தெருவில் ஒரே மொழி பேசி, ஒரே சந்தையில் வாங்கி வாழ்ந்த அன்றாடம் அதைவிட இளகியது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த மனிதர்களுக்கு நியாயம் செய்ததாகும்.

1236 ஜூன் 29 அன்று கோர்தோபா கைமாறியதும் பள்ளிவாசல் பேராலயமாக அர்ச்சிக்கப்பட்டது. ஆனால் இடிக்கவில்லை. ஓரங்களில் சிற்றாலயங்கள் வந்தன, பலிபீடங்கள் வந்தன, கல்லறைகள் வந்தன. பத்தாம் அல்ஃபோன்சோ அரசர் ஊரிலிருந்த முஸ்லிம் கொத்தர்களும் தச்சர்களும் ஆண்டுக்கு இரண்டு நாள் அந்தக் கட்டடத்தில் வேலை செய்ய வேண்டுமென்று ஆணையிட்டார். தங்கள் முன்னோர் தொழுத கூரையை இன்னொரு மதத்தின் வழிபாட்டுக்காகப் பழுதுபார்த்தவர்கள் அவர்கள். கட்டாய வேலைதான். ஆயினும் அந்தக் கைகள் இல்லாவிட்டால் கூரை நின்றிருக்காது. இரண்டாம் என்ரீக்கே காலத்தில், 1371-இல் முடிந்த அரச சிற்றாலயத்தின் சுவரைப் பாருங்கள். கிறிஸ்தவ அரசர்களைப் புதைக்கக் கட்டியது, ஆனால் சுதை வேலை முழுக்க அரபுப் பாணி. வென்றவர்களுக்கு, தோற்றவர்களின் கலையைவிட அழகானது எதுவும் தெரியவில்லை.

ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் இப்படியே போயிற்று. 1523-இல் ஆயர் அலோன்சோ மன்ரீக்கே, தூண்களுக்கு நடுவே முழு உயரப் பேராலயம் ஒன்றை எழுப்பத் தீர்மானித்தார். அதற்காக மண்டபத்தின் நெஞ்சுப் பகுதியை இடிக்க வேண்டும். எதிர்த்து எழுந்தது கோர்தோபாவின் நகர சபை. அவர்கள் அனைவரும் கத்தோலிக்கர்கள். இஸ்லாமியர் ஆட்சி ஒழிந்ததைக் கொண்டாடிய ஊரின் பிரமுகர்கள். ஆனாலும், இடித்தால் அதே நேர்த்தியோடு இன்னொரு முறை கட்ட யாராலும் முடியாது என்று அறிவித்தார்கள். அரசர் முடிவு சொல்லும் வரை கடப்பாரையைத் தொடும் கொத்தனாருக்கும் தச்சருக்கும் மரண தண்டனை என்று பறைசாற்றினார்கள். திருச்சபை அவர்களைச் சபைவிலக்கு செய்தது. அந்தக் காலத்தில் சபைவிலக்கு என்றால் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, செத்தால் கிறிஸ்தவ அடக்கமும் இல்லை.

பள்ளிவாசலுக்குள் குடும்பச் சிற்றாலயங்கள் வைத்திருந்த பிரபுக்களின் சொந்த நலனும் அதில் கலந்திருக்கலாம். கலந்திருக்கட்டும். தங்கள் ஆன்ம மீட்பையே பணயம் வைத்து, வேறு மதத்தவர் கட்டிய கட்டடத்துக்காக ஒரு நகர சபை நின்றதற்கு ஐரோப்பாவில் அந்த நூற்றாண்டில் இன்னொரு உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எண்ணூறுக்கும் மேற்பட்ட தூண்களைப் பார்த்துத் திரும்பும் சுற்றுலாப் பயணிகளிடம் இந்தச் சபையைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வழிகாட்டிகள் கலீஃபாக்களைச் சொல்கிறார்கள், அரசர்களைச் சொல்கிறார்கள். இவர்களை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

இளம் அரசர் ஐந்தாம் சார்லஸ் ஆயர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அவர் அப்போது கோர்தோபாவைப் பார்த்ததே இல்லை. பிறகு நேரில் வந்து பார்த்து, எங்கும் கிடைக்காத ஒன்றைக் கெடுத்து எங்கும் கிடைக்கக்கூடிய ஒன்றைக் கட்டிவிட்டீர்களே என்று வருந்தியதாக ஒரு கதை ஊர் முழுக்க வழங்குகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு உறுதியான சான்று இல்லை. ஊருக்கு அப்படி ஒரு வாக்கியம் தேவைப்பட்டிருக்கிறது, அவர் வாயில் வைத்துவிட்டார்கள்.

பேராலய வேலையை ஏற்ற எர்னான் ரூயிஸும், அவருக்குப் பின் மகனும், பேரனுமாக அந்தக் குடும்பமே அதில் உழைத்தது. 1607-இல்தான் முடிந்தது. தாழ்ந்த வளைவுகளின் இருட்டிலிருந்து அங்கே நுழையும்போது வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. வெள்ளைச் சுவர், விண்ணைத் தொடும் கூரை, பாடகர் குழுவுக்கான இருக்கைகள். அமெரிக்காவிலிருந்து வந்த மகோகனி மரத்தில் பெத்ரோ துக்கே கொர்னெஹோ 18-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய இருக்கைகள் அவை. மரத்தில் விவிலியக் காட்சிகள் மூச்சுவிடுகின்றன. இதைத் தனியாக வேறு ஓர் ஊரில் பார்த்திருந்தால் அந்த ஊரின் பெருமை என்றே எழுதியிருப்பேன். ரூயிஸ்கள் பொறுப்பாகவும் செய்தார்கள். சுற்றியுள்ள வளைவுகளைப் பேராலயச் சுவரோடு பிணைத்து, இடித்ததை வேண்டிய அளவோடு நிறுத்தினார்கள். இன்று பேராலயத்தை நீக்கிவிட்டால் பள்ளிவாசலும் சேர்ந்து விழும்.

இருட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் அந்த மங்கல் ஒளியை வியந்து பேசுகிறார்கள். கட்டியவர்கள் அதை நினைக்கவில்லை. தொழுகைக் கூடம் முற்றத்தை நோக்கி வரிசையாகத் திறந்திருந்தது. வெளியே ஒளு செய்துவிட்டு வருகிறவர்களோடு வெயிலும் காற்றும் உள்ளே வந்தன. சிற்றாலயங்கள் எழுந்தபோதுதான் அந்த வளைவுகள் அடைபட்டன. நாம் இன்று ரசிக்கும் இருட்டு பிற்காலத்தது.

பள்ளிவாசலுக்கு வடமேற்கே யூதர் தெரு. 1315-இல் கட்டிய ஜெப ஆலயம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. ஏறக்குறைய ஏழு மீட்டர் சதுரத்துக்குள் அடங்கும் கூடம். அரபுப் பாணிச் சுதையில் எபிரேய எழுத்துகள். 1391-இல் செவில்யாவில் தொடங்கிய கலவரம் இங்கேயும் வந்து யூதர்களைக் கொன்றது. 1492-இல் மீந்தவர்களை நாட்டைவிட்டே விரட்டினார்கள். ஜெப ஆலயம் வெறிநாய்க்கடி நோயாளிகளின் மருத்துவமனையாயிற்று, பிறகு செருப்புத் தைப்பவர்கள் சங்கத்தின் சிற்றாலயமாயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுண்ணாம்பு உதிர்ந்தபோதுதான் அடியிலிருந்த எழுத்துகள் வெளியே தெரிந்தன.

அருகிலேயே மைமோனிடிஸ் சிலை. தொட்டால் அறிவு வரும் என்று தொட்டுத் தொட்டு வெண்கலக் காலணி மட்டும் பளபளக்கிறது. கோர்தோபாவில் பிறந்த அந்த யூத மேதையின் குடும்பம், 1148-இல் அல்மொஹாத் ஆட்சி வந்ததும் மதம் மாறும் கட்டாயத்துக்கு அஞ்சி ஊரைவிட்டது. கடைசியில் எகிப்தில் போய்த் தங்கினார். அவருக்குச் சற்று மூத்தவர் இப்னு ருஷ்து. ஐரோப்பியர் அவெரோஸ் என்பார்கள். அரிஸ்டாட்டிலுக்கு அவர் எழுதிய உரைகளைப் படித்துத்தான் பாரிஸ் பல்கலைக்கழகம் அரிஸ்டாட்டிலைக் கற்றது. கோர்தோபாவின் காஜியாக இருந்த அவரையும் 1195-இல் ஊரைவிட்டு அனுப்பி நூல்களை எரித்தார்கள். 1198-இல் மராக்கேஷில் இறந்தார். உடலைக் கோர்தோபாவுக்குக் கொண்டுவந்தபோது, சுமை விலங்கின் ஒரு பக்கம் உடலும், எடை சமமாக இருக்க மறுபக்கம் அவர் எழுதிய நூல்களும் இருந்ததை நேரில் பார்த்ததாக ஞானி இப்னு அரபி எழுதியிருக்கிறார். யூதரை விரட்டியதும் முஸ்லிமை விரட்டியதும் ஒரே முஸ்லிம் அரசு, அந்த அல்மொஹாத் அரசு.

மதிய வெயிலில் சால்மொரெஹோ சாப்பிட்டேன். தக்காளி, பழைய ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்த குளிர்ந்த கூழ். மேலே அவித்த முட்டையும் பன்றி இறைச்சித் துணுக்கும் தூவுவார்கள். வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

1933 ஜனவரியில் கவிஞர் முஹம்மது இக்பால் லண்டன் வட்டமேஜை மாநாடு முடிந்து இங்கே வந்தார். அனுமதி பெற்று இந்தத் தூண்களுக்கிடையே தொழுதார். இந்தப் பள்ளிவாசலைப் பற்றி உருதுவில் அவர் எழுதிய நீண்ட கவிதை அவருடைய உச்சமான படைப்புகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. இன்று முஸ்லிம்கள் அங்கே தொழ முடியாது. ஸ்பெயின் முஸ்லிம் அமைப்புகள் கேட்டன, ஆயர்கள் மறுத்தார்கள். 2010-இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த சிலர் தொழ முயன்றபோது காவலர்களோடு கைகலப்பாகிக் கைது வரை போனது. அதற்கு முன்பே, 2006-இல், மறைமாவட்டம் ஏறக்குறைய 30 யூரோ கட்டணத்தில் கட்டடத்தைத் தன் பெயரில் பதிவுசெய்துகொண்டது. 1998-இல் வந்த ஒரு சட்டத் திருத்தம் அதற்கு வழி விட்டிருந்தது. 2015-இல் அந்த வழியை மூடினார்கள். பார்வையாளருக்கான கையேடுகளில் பள்ளிவாசல் என்ற சொல் காணாமல் போனபோது ஊரே எதிர்த்தது, லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 2016-இல் சொல் திரும்பி வந்தது.

அங்கே தினமும் நடக்கும் திருப்பலி நடக்கட்டும். கட்டடத்தை உயிரோடு வைத்திருப்பது அதுவும்தான். ஆனால் மிஹ்ராபுக்கு முன்னால் ஒருவர் தனியாக, சத்தமில்லாமல் தொழுதால் அந்தப் பேராலயத்துக்கு எந்தக் குறையும் வராது என்றே நினைக்கிறேன். பொதுப்பணம் கொட்டிப் பழுதுபார்க்கும் கட்டடம் ஒரு தரப்பின் சொத்துப் பத்திரத்தில் மட்டும் இருப்பதும் சரியல்ல. 2025 ஆகஸ்டில் ஓர் இரவு அங்கே தீப்பிடித்து, அல் மன்சூர் பகுதியில் ஒரு சிற்றாலயத்தின் கூரை இடிந்து விழுந்தது. தீயணைப்பு வீரர்கள் விரைந்து அடக்கியதால் மறுநாளே கதவு திறந்தது. அந்த இரவில் கோர்தோபாக்காரர்கள் பதறியது பேராலயத்துக்காகவா பள்ளிவாசலுக்காகவா என்று யாரும் பிரித்துக் கேட்டிருக்க முடியாது.

நகர சபையின் வழக்கில் தீர்ப்புச் சொன்ன ஐந்தாம் சார்லஸை இத்தோடு விட முடியாது. கோர்தோபாவுக்கு வந்துபோன மறு ஆண்டே, 1527-இல், கிரானடாவில் அல்ஹம்ப்ரா அரண்மனைகளின் நடுவில் தனக்கென ஒரு கல் மாளிகையைத் தொடங்கினார். அதைப் பார்க்க அடுத்த வாரம் கிரானடாவுக்குப் போவோம்.

(தொடரும்)